நன்கொடைப் பலகையில் வராத கணக்கு



சேரிப் பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்ட உண்டியல் ஏந்தி ஊர் ஊராகப் போகும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். 'தாராளமாகக் கொடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களும் இந்த வேலையைச் செய்தார்கள். அதைச் சொல்கிறேன்.

அடிமையாகப் பிறந்து டஸ்கிகீ கல்வி நிறுவனத்தை வளர்த்தவர் புக்கர் டி. வாஷிங்டன். சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டு பெரும் பணக்காரர். இருவரும் சேர்ந்து 1912இல் அலபாமாவில் தொடங்கிய திட்டம், 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளாக வளர்ந்தது. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால், வெளிச்சம் நிறைய வரும்படி வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் வைத்துக் கட்டினார்கள். ஜான் லூயிஸ் படித்தது அப்படியொரு பள்ளியில்தான்.

'ரோசன்வால்டு பள்ளிகள்' என்றுதான் பெயர். பெயரைக் கேட்டால் எல்லாம் அவர் பணம் என்று தோன்றும். கணக்கோ வேறு. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்டு தரப்பு கொடுத்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம். பருத்திக்காட்டுக் குத்தகைதாரர்களும் கூலிகளும் வள்ளலைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள்! காசில்லாதவர்கள் மரம் வெட்டித் தந்தார்கள், கோழி விற்றார்கள், பள்ளிக்கென்று தனியாகப் பருத்தி விதைத்தார்கள். அலபாமாவின் பொலிஜீயில் நடந்த வசூல் கூட்டத்தில், அடிமைக் காலத்தைப் பார்த்த முதியவர் ஒருவர் அழுக்குப் பையிலிருந்து சில்லறையாகக் கொட்டியது 38 டாலர். அவருடைய ஆயுட்காலச் சேமிப்பு அது.

மீதியில் பெரும்பகுதி அரசின் வரிப்பணம். அந்த வரியைக் கறுப்பின மக்களும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அது வெள்ளையர் பள்ளிக்குப் போனது. தன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமென்றால் இன்னொரு முறை கையிலிருந்து கொடுக்க வேண்டும். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் இதை 'இரட்டை வரி' என்றே எழுதினார். நிலத்தையும் கட்டடத்தையும் வெள்ளையர் கையிலிருந்த பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அது நிபந்தனை.

அதனால் அந்த மக்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் வயது அரசுக்காகக் காத்திருக்காது. அவர்கள் போட்ட காசுதான் நகராத அரசுப் பணத்தையும் நகர்த்தியது.

இனி நம் கதை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு நிதி தரலாம். நல்லதுதான். ஆனால் ஊர்த்தெருப் பள்ளியின் முன்னாள் மாணவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவார். செங்கல் சூளைக்குப் போன முன்னாள் மாணவர் எதை அனுப்புவார்? நன்கொடை சாதியின் தடத்தில்தான் ஓடும். (கொடுப்பவர்கள் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைப்பது தனிக்கதை.)

மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டம் இருக்கிறது. அந்த நிதி செலவாகாமல் திரும்பிப்போகும் செய்தியையும் படிக்கிறோம். நம் பெயரில் ஒதுக்கிய பணம் கஜானாவுக்குத் திரும்புகிறது, நாம் உண்டியல் குலுக்குகிறோம் என்றால் இது எத்தனையாவது வரி?

வசூலை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கொடுக்கிறேன். நன்கொடையாளர் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். இந்தப் பள்ளிக்கு அரசு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுங்கள். கூலிக்காரர் கொடுத்த பத்து ரூபாயும் அங்கே பெயரோடு வரட்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.