மேடையேறும் கணினி



பண்டார் பாரு பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில், திருவிழா இரவு. நம் பழைய மாணவர்கள் உறுமி, கீபோர்டு, கணினி மூன்றையும் சேர்த்து மேடையேறினார்கள். முதல் பாட்டிலேயே தாளம் தள்ளாடியது. கீபோர்டுக் கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்தே ஓசை வந்தது. பாடிய பெண் பாதியில் நின்றுவிட்டாள். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் மகனுக்குக் கணினி வாங்கித் தந்த தகப்பனார் நம்மிடம் வந்து, "மெசின் பழுதாகிவிட்டதா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

பழுது மெசினில் இல்லை. முதல் நாள் இரவு ஒலிப்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார்கள். "புதியது நல்லதுதானே, ஏற்றுங்கள்" என்று சொன்னவர் நாமேதான்!

நடந்தது என்ன? முன்னாளில் நம் பெரியவர்கள் பால்மரம் சீவி, வாளியில் பால் சுமந்ததை நினைத்துப் பாருங்கள். கணினியும் ஓசையை வாளி வாளியாகத்தான் சுமக்கிறது. குறுவட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஓசை என்பது 44,100 துளிகள். வாளிக்கு 128 துளி என்றால், அது நிரம்ப விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் போதும். 1,024 துளி என்றால் இருபத்து மூன்று பங்கு ஆகும். எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் மேளம் நம் காதுக்கு வரும் நேரம் அது. வாளி மிகச் சிறிதானாலோ, கணினி ஓடிக் களைத்து ஓசை வெடிக்கும். நம் பிள்ளைகள் அளந்து வைத்திருந்த வாளியைப் புதிய பதிப்பு பெரிதாக மாற்றிவிட்டது.

வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தம்முள் பேச 'மிடி' என்னும் பொதுமொழி 1983இல் வந்தது. கணினியும் அம்மொழியைக் கற்றது. 1992இல் 'ரோஜா' படத்தின் வழி ஏ.ஆர். ரகுமான் அறிமுகமானபோது, கணினி வழி அமைத்த இசையின் அழகை நாம் எல்லாரும் கேட்டோம். ஆனால், பதிவுக்கூடத்தில் தவறினால் மீண்டும் வாசிக்கலாம். மேடையில் அது முடியாது.

ஆகவே, இளைஞர்களே, நிகழ்ச்சி நெருங்கும்போது புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். ஏற்றுமுன் பாட்டுக் கோப்புகளைத் தனியே படியெடுத்து வையுங்கள்; புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காமல் போகலாம். ஏற்றியபின் வாளியின் அளவைப் பார்த்து, முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். மேடையில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

அன்றிரவு எப்படி முடிந்தது? கணினியை மூடிவிட்டு, உறுமிக்காரப் பையன் கையால் தாளம் பிடித்தான். அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தாள். மறுவாரம் வாளியைச் சரிசெய்தோம்; கணினி இன்றும் அவர்களுடன் மேடையேறுகிறது. உறுமியும் கூடவே செல்கிறது.