முகம் பார்த்து எழுதியவர்



1930-ல் வெளிவந்த 'த பிக் ஹவுஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு சிறைச்சாலை. அதன் சாப்பாட்டுக் கூடத்தில் கைதிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பட்ச் என்ற முரடனிடம் ஒரு கத்தி இருக்கிறது. காவலர்கள் கையில் அது சிக்கக்கூடாது. மேசைக்கு அடியில் கத்தி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிறது. மேலே முகங்களில் ஒரு சலனமும் இல்லை; கீழே கத்தி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் அது வந்து சேருமிடம், சிறைக்குப் புதிதாக வந்த, பயந்த சுபாவமுள்ள ஓர் இளைஞனின் கை. அவன் தான் தப்பிப்பதற்காக அதை அறைத் தோழனின் பொருளுக்குள் செருகிவிடுகிறான். விடுதலையை எதிர்பார்த்துக் காத்திருந்த தோழனுக்கு விடுதலை போய்விடுகிறது.

சினிமா பேசத் தொடங்கி மூன்று ஆண்டுகூட நிறையாத நேரம் அது. நடிகர்கள் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கதையின் முக்கியமான திருப்பத்தைப் பேச்சே இல்லாமல் கைகளிடம் ஒப்படைத்தவர் பிரான்சஸ் மேரியன். மௌனப் படங்களில் பல ஆண்டுகள் ஊறிய கை அது. இந்தக் கதைக்காகக் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்கே போய் நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதினார். திரை எழுத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் என்ற பெயரும் இந்தப் படத்தால்தான் அவருக்குக் கிடைத்தது.

1888-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநரிடம் தொழில் கற்றார். பிறகு கிழக்குக் கரைக்குப் போய், வில்லியம் பிரேடி என்ற ஸ்டுடியோ முதலாளியிடம் வேலை கேட்டார். இரண்டு வாரம் சம்பளமில்லாமல் உழைக்கிறேன், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விற்க முடியாமல் கிடப்பில் போட்டிருந்த ஒரு படத்தை எடுத்து, அதன் முன்னும் பின்னும் புதுக் காட்சிகளைச் சேர்த்தார். அழுகைப் படமாக இருந்தது சிரிப்புப் படமாக மாறி விலை போனது. வாரம் 200 டாலர் சம்பளத்தில் வேலை உறுதியாயிற்று. அடுத்து மேரி பிக்ஃபோர்டு என்ற நட்சத்திர நடிகைக்காக வரிசையாக எழுதினார். மேரியனின் பெயர் ஊரறிந்த பெயராகிவிட்டது.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் எழுத்தாளர் என்பவர் வாரச் சம்பளக்காரர். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் தயாரிப்பை நடத்திய இர்விங் தால்பெர்க், ஒரே கதையைப் பல எழுத்தாளர்களிடம் கொடுத்து எழுதவைப்பார். படத்தை முன்னோட்டமாக மக்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே தொய்கிறது என்று கவனித்து, அந்தப் பகுதியைத் திரும்ப எழுதி, திரும்பவும் எடுப்பார்கள். திரையில் யார் பெயர் வரும் என்பதைத் தீர்மானிப்பதும் ஸ்டுடியோதான். அந்த இடத்தில்தான் மேரியன் மிக உயர்ந்த சம்பளம் பெறும் எழுத்தாளர்களில் ஒருவராக இருந்தார். அந்தச் செல்வாக்கை அவர் எதற்குச் செலவழித்தார் என்பதுதான் என்னை அவரிடம் இழுக்கிறது.

மேரி டிரெஸ்லர் என்ற நடிகையின் கதையைக் கேளுங்கள். கனத்த உடம்பு, அகன்ற முகம், மேடையில் நின்றால் அரங்கமே சிரிக்கும். 1914-லேயே சார்லி சாப்ளினோடு நடித்தவர். 1919-ல் நியூயார்க் நாடக நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழு நடனப் பெண்களின் பக்கம் முன்னால் நின்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் வாய்ப்புகள் வற்றிப்போயின. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய நட்பை மறக்காத மேரியன் அவருக்காகவே 1927-ல் ஒரு படம் எழுதினார். ஐரிஷ் வம்சாவளியினர் தங்களைக் கேலி செய்வதாக எதிர்ப்புத் தெரிவிக்க, ஸ்டுடியோ படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேரியன் விடவில்லை. 1930-ல் அவர் எழுதி, கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய 'அன்னா கிறிஸ்டி'யில் குடிகாரக் கிழவி வேடம் டிரெஸ்லருக்கு வந்து சேர்ந்தது. கார்போவின் குரலைக் கேட்கப் போனவர்கள் டிரெஸ்லரையும் பேசிக்கொண்டு திரும்பினார்கள்.

அதே ஆண்டு வந்தது 'மின் அண்ட் பில்'. இதற்குள் இன்னொரு உதவியும் இருக்கிறது. லோர்னா மூன் என்ற சக எழுத்தாளர் காசநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். அவருடைய நாவலை ஸ்டுடியோ விலைக்கு வாங்கும்படி செய்தார் மேரியன். பிறகு துறைமுகத்தில் விடுதி நடத்தும் மின் என்ற கிழவியின் கதையாக, நாவலோடு அதிக ஒட்டுறவு இல்லாமல், புதிதாகவே எழுதிக்கொண்டார். தாய் விட்டுப்போன ஒரு பெண்குழந்தையை மின் வளர்க்கிறாள். பாசம் தெரியக்கூடாது என்று எரிந்து விழுந்துகொண்டே வளர்க்கிறாள். அந்தப் பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறும் நாளில், பெற்றவள் திரும்பி வந்து எல்லாவற்றையும் கெடுக்கப் பார்க்கிறாள். மின் அவளைச் சுட்டுவிடுகிறாள். பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கப்பல் புறப்படுவதைக் கூட்டத்துக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, பிடிக்க வந்தவர்களோடு மின் போகிறாள். அங்கேயும் வசனத்துக்கு வேலையில்லை. அந்த அகன்ற முகம் போதும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. டிரெஸ்லருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 1934-ல் இறப்பதற்கு முன்பு அமெரிக்காவிலேயே அதிக வசூல் தரும் நட்சத்திரமாக இருந்தார். அழகும் இளமையும் விற்ற ஊரில் இது சாதாரணமா!

வாலஸ் பீரியின் கதையும் ஏறக்குறைய இதுதான். பேசும் படம் வந்ததும் வேறொரு ஸ்டுடியோ கைவிட்ட நடிகர். 'பிக் ஹவுஸ்' பட்ச் அவர்தான். 'மின் அண்ட் பில்' படத்தின் பில்லும் அவர்தான். 1931-ல் மேரியன் எழுதிய 'த சாம்ப்' படத்தில், குடியில் விழுந்த குத்துச்சண்டை வீரனாக, சின்ன மகனின் நம்பிக்கைக்காக மறுபடி களமிறங்கும் தகப்பனாக நடித்தார். அதற்கு அவருக்கும் ஆஸ்கர், கதைக்காக மேரியனுக்கு இரண்டாவது ஆஸ்கர்.

1933-ல் பொருளாதார நெருக்கடியைச் சொல்லி ஸ்டுடியோக்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தன. எழுத்தாளர்கள் கூடித் திரை எழுத்தாளர் சங்கம் அமைத்தார்கள். உச்ச சம்பளத்தில் இருந்த மேரியனுக்குச் சங்கத்தின் தேவை எல்லோரையும்விடக் குறைவு. ஆனாலும் அதன் முதல் துணைத் தலைவர் பொறுப்பை அவர் ஏற்றார். துணிச்சலான காரியம் என்றே சொல்வேன்.

1936-ல் தால்பெர்க் இளம் வயதிலேயே காலமானார். அதன் பிறகு மேரியனின் பிடி தளர்ந்தது. 1937-ல் திரைக்கதை எழுதக் கற்றுத்தரும் நூல் ஒன்றை வெளியிட்டார். மெல்ல ஸ்டுடியோவை விட்டு விலகி, நாவலும் சிற்பமுமாக நாட்களைக் கழித்தார். தன் வரலாற்றை 1972-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். மறு ஆண்டு இறந்தார். அவர் எழுதிய மௌனப் படங்களில் பல இன்று பிரதியே இல்லாமல் அழிந்துவிட்டன.

கிடைப்பவற்றில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 'மின் அண்ட் பில்' படத்தையே முதலில் சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம்தான். அதை முடித்துவிட்டு 'பிக் ஹவுஸ்' பாருங்கள்.