கண் பிழைத்த பின்னும் காவல் வேண்டும்

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். உடலைக் காக்கும் அறிவும் கல்வியே ஆதலால், ஒரு நோயைப் பற்றிப் பேச விழைகிறேன்.

சிறு குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல வெண்மையாய் ஒளிர்ந்தால், அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. விரைந்து கண்டால் உயிரைக் காக்கலாம். ஆனால், "உயிர் பிழைத்தது, இனிக் கவலையில்லை" என்று பெற்றோர் இருந்துவிடுகின்றனர்.

என் மாணவன் ஒருவனுக்குக் குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணை எடுத்து, மறு கண்ணுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தனர். ஒன்பதாம் வகுப்பில் முழங்கால் வலி என்றான். கபடியில் பட்ட அடி என்று நானே கூறினேன். வீட்டார் எண்ணெய் தேய்த்தனர். எலும்புப் புற்று என்று அறிந்தபோது காலம் கடந்திருந்தது. பழைய மருத்துவச் சீட்டும் வீட்டில் இல்லை. அந்த வேதனையே இன்று என்னைப் பேச வைக்கிறது.

இதன் காரணத்திற்கு 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் வழிகாட்டினார். புற்றைத் தடுக்கும் ஆர்பி1 என்னும் மரபணு, ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு பிரதிகளாக உள்ளது. நம் உப்பளத்திற்கு இரண்டு கரைகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டும் உடைந்தால்தான் வெள்ளம் புகும். மரபுவழி நோயுள்ள குழந்தைக்கு ஒரு கரை பிறவியிலேயே உடைந்துள்ளது. கண்ணில் மட்டுமன்று, உடலெங்கும். எனவே எலும்பு, தசை, தோல் ஆகியவற்றிலும் பின்னாளில் புற்று தோன்றக்கூடும். இரு கண்ணிலும் நோய் வந்தோர் அனைவரும், ஒரு கண்ணில் வந்தோருள் சிலரும் இவ்வகையினர். மரபணுச் சோதனை இதனைத் தெளிவாக்க உதவும்.

அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆய்வின்படி, மரபுவழி நோயுற்றோருள் ஐம்பது ஆண்டுகளுக்குள் வேறு புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 36. மற்றையோருக்கு ஏறத்தாழ 6. கதிர்வீச்சு பெற்றோருக்கு ஆபத்து மிகுதி. ஆதலின், இயன்றவரை அதனைத் தவிர்த்து மருந்துச் சிகிச்சையே இன்று அளிக்கின்றனர்.

இளைஞர்களே, நம் தெருவில் இவ்வாறு பிழைத்தோர் இருப்பின், பழைய சீட்டைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதனைக் கூறட்டும். நீங்காத வலியோ வீக்கமோ கண்டால் எலும்பு கட்டுபவரிடம் நாள் கடத்தலாகாது. புகையிலையை அறவே விடட்டும்.

இது குலத்தின் சாபமன்று, தாயின் குற்றமுமன்று. திருமணத்தின்போது மறைக்கவும் வேண்டா. மரபுவழி நோயுற்றவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அக்குறை வர வாய்ப்புப் பாதிக்குப் பாதி. பிறந்தவுடனே கண்ணைச் சோதித்தால் பார்வையையும் காக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னைச் சங்கர நேத்ராலயாவும் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கின்றன.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வீடு உள்ள இக்காலத்தில், ஒரு சீட்டு தொலைந்ததால் ஓர் உயிர் போகலாகாது.