புளிப்பும் சூடும் பாத்திரமும்



2024 பிப்ரவரியில் நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பஞ்சு மிட்டாய் விற்பனை திடீரென்று நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் எடுத்துச் சோதித்ததில், அந்த ரோஸ் நிறம் ரோடமின்-பி என்று தெரிந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் தடையை அறிவித்தார். அடுத்து பிப்ரவரி 17-ஆம் தேதி தமிழ்நாடு தடை விதித்தது. மார்ச்சில் கர்நாடகமும் கையெழுத்துப் போட்டது. சின்ன ஊர்தான் நம்முடையது, ஆனாலும் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டம் உணவில் அனுமதிக்கிற செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அதுவும் குறிப்பிட்ட பண்டங்களில், குறிப்பிட்ட அளவுக்குள். ரோடமின் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணைப் பறிக்கிற நிறத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகலாம், குழந்தையையும் இழுத்துக்கொண்டு போகலாம். அழுகை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

கண்ணில் படாத நஞ்சை என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நம் அடுக்களைகளில் ஒரு பழக்கம் உண்டு. இந்தக் குழம்பு இந்தச் சட்டியில், ரசம் அந்தச் சொம்பில், தயிர் கல்சட்டியில், ஊறுகாய் ஜாடியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இதை வெறும் சாஸ்திரம் என்று சிலர் சிரிக்கிறார்கள். வேறு சிலர் பழையது எல்லாமே அமிர்தம் என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு பேச்சிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பழக்கத்தில் பாதி பக்குவமான அறிவு. மீதிப் பாதியை இன்றைக்குச் சோதித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காரீயம். ஊர் முழுக்க ஒளிந்திருக்கிற நஞ்சு இது. பெட்ரோலில் கலந்து விற்றார்கள், 2000-ஆம் ஆண்டில்தான் நாடு முழுக்க நின்றது. வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டில் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் கூடாது என்று 2016-இல் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் பழைய வீட்டுக் கதவுகளிலும் ஜன்னல் கம்பிகளிலும் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று உலர்ந்த பெயின்ட்டைச் சுரண்டித் தூசி கிளப்புகிறவர்கள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காரீயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து போல வேடம் போட்டுக்கொண்டு எலும்பில் குடியேறுகிறது, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்குகிறது. விழுங்கியதில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கைச் சின்னக் குழந்தையின் குடல் எடுத்துக்கொள்ளும். மூளை வளர்கிற வயதில் அது செய்கிற கெடுதலைப் பின்னால் சரிசெய்ய முடியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில், மொத்தம் எண்பது கோடிப் பிள்ளைகளிடம், கவலைப்படுகிற அளவுக்குக் காரீயம் இருக்கிறது என்று 2020-இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது.

இதன் தந்திரம் என்னவென்றால், அது கசக்காது. புளிப்போடு சூட்டில் சேர்ந்தால் உண்டாகிற உப்பு இனிக்கவே செய்யும். நம் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன அல்லவா, அந்த ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி, அந்தப் பாகை மதுவிலும் பதார்த்தங்களிலும் ஊற்றினார்கள். அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், காரீயம் உருக்குகிற தொழிலாளிகளின் வெளுத்த முகத்தைப் பாருங்கள், அந்தக் குழாயில் வருகிற தண்ணீர் வேண்டாம் என்று அப்போதே எழுதிவைத்தார். இனிப்பு ஜெயித்தது.

ஆக, கவனிக்க வேண்டியது இரண்டு: புளிப்பு, சூடு. நம் சமையலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. புளி, தக்காளி, எலுமிச்சை, மாங்காய், புளித்த மாவு. இவை எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கிடக்கின்றன என்பதுதான் கேள்வி.

வம்பாகீரப்பாளையத்திலும் வைத்திக்குப்பத்திலும் மீன் குழம்பு என்றால் மண்சட்டிதான். மறுநாள் காலையில் அதே சட்டியில் இன்னும் ருசி கூடியிருக்கும். புளிக்குழம்பு ராத்திரி முழுக்கக் கிடக்கத் தகுந்த பாத்திரம் அது, காரணம் எளிது: வெறும் மண், வெறும் நெருப்பு, மேலே எந்தப் பூச்சும் கிடையாது. வாங்கி வந்ததும் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குவார்கள். இன்றைக்கு ஒன்று சேர்த்துச் செய்யுங்கள். பழக்குவதற்கு முன் ஈரத்துணியால் உள்ளே ஒரு துடை. துணியில் சிவப்போ கறுப்போ சாயமாக ஒட்டினால், அதைச் செடி வைக்க வைத்துக்கொள்ளுங்கள். சட்டி அழகாக இருக்கட்டும் என்று வண்ணம் பூசி, வார்னிஷ் அடித்து விற்கிற காலம் இது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்தக் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கொலுவுக்கான வண்ணம் வேறு, குழம்புக்கான சட்டி வேறு.

பளபளப்பான பீங்கான், ஜாடி விஷயம் இன்னும் நுட்பமானது. மண்ணின்மேல் கண்ணாடி போல ஒரு மெருகு உருகி ஒட்ட வேண்டும். அது குறைந்த சூட்டிலேயே உருக வேண்டுமானால் காரீயம் சேர்ப்பது உலகம் முழுக்கக் குயவர்கள் கண்ட குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியை ஒதுக்கிய வேலை நம் ஊரிலேயே நடக்கிறது. 1971-இல் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். விறகு எரித்து, கிட்டத்தட்ட 1,300 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிச் சுடுகிற ஸ்டோன்வேர். அந்தச் சூட்டில் மண்ணே இறுகிக் கல்லாகிவிடும். மெருகுக்குப் பாறைத்தூளும் மணலும் சாம்பலும் சுண்ணாம்பும் போதும், காரீயத்தின் உதவியே வேண்டாம். அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் நாடெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள். 'பாண்டிச்சேரி பாட்டரி' என்று தனிப் பெயரே வந்துவிட்டது. இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வடிவத்தையும் அந்த மங்கிய நீலத்தையும்தான் புகழ்கிறார்கள். நான் புகழ்வது அந்த 1,300 டிகிரியை. கையில் ஏந்திப் பாருங்கள், கனமாக இருக்கும். அடியில் மெருகு படாத வளையத்தை விரலால் தட்டினால் கணீரென்று கேட்கும்.

விலை எல்லோருக்கும் கட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோன்வேர் என்ற பெயருக்காகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் சொல்லமாட்டேன். செக்கச்செவேல், ஆரஞ்சு நிற மெருகுகளில் காட்மியம் இருக்க வாய்ப்புண்டு, அவற்றை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெருகு உறுதியானதா என்று பார்க்கக் குயவர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஓர் எலுமிச்சைத் துண்டைத் தட்டின் மேல் கவிழ்த்து ராத்திரி விட்டுவிடுவார்கள். காலையில் எடுத்தால் அந்த இடம் மங்கியோ வெளிறியோ இருந்தால், தட்டு புளிப்புக்குத் தாங்காது. மங்கவில்லை என்பதால் காரீயமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் மங்கினால் பதில் தெளிவு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பூப்போட்ட பீங்கானை அள்ளி வருகிறவர்கள் அந்த ஒரு எலுமிச்சம்பழத்தைச் செலவழிக்கலாம்.

அலுமினியத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அகதிகளாக வந்த ஆப்கானியக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏன் கூடியிருக்கிறது என்று தேடிப் போனவர்கள், அவர்கள் கொண்டுவந்த பிரஷர் குக்கரிலும் அலுமினியப் பானையிலும் பித்தளையிலும் வந்து நின்றார்கள். 2022-இல் அந்த ஆய்வு வெளியானது. பாத்திரத்தில் காடி போன்ற புளிப்பு நீரை ஊற்றிக் காய்ச்சினால் காரீயம் கசிந்தது. 2025-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சில இறக்குமதிப் பாத்திரங்களைப் பற்றி எச்சரித்தபோது ஹிண்டாலியத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஹிண்டாலியம் நம் வீட்டுச் சரக்கு. பழைய அலுமினியத்தையும் எஞ்சின் துண்டையும் ஒன்றாக உருக்கி வார்க்கிற பட்டறையில் என்னென்ன சேருகிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லா ஹிண்டாலியமும் அப்படி என்று சொல்லவில்லை. பெயரில்லாத, முத்திரையில்லாத வார்ப்புப் பாத்திரத்தில் சாம்பார் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பெருமை பேச ஒன்றுமில்லாத எவர்சில்வர்தான், என்னைக் கேட்டால், அன்றாடப் புளிக்குச் சரியான பதில்.

பாத்திரத்தை மாற்றிவிட்டு மஞ்சள்தூளை விட்டுவிடக் கூடாது. மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் என்ற காரீய நிறமியைப் பூசுவது வங்கதேசத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. அரசு ஆலைகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, செய்தித்தாளிலும் சந்தையிலும் பரப்பியது. 2021-இல் பூஜ்யம். இரண்டே வருடம்! மளிகையில் கிழங்கு மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பது நம்மில் பலருக்கு இன்னும் வழக்கம், நல்லது. ஆனால் பூச்சு கிழங்கின் மேலேயே ஏறுகிறது. மங்கலாக, மண் நிறத்தோடு இருக்கிற கிழங்கை எடுங்கள். பொட்டு வைக்கிற குங்குமத்துக்கும் இதே புத்தி வேண்டும்.

பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தால் குடல் காரீயத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கேழ்வரகு நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. கூழோ அடையோ, வாரத்தில் சில நாள்.

கடைசியாக, நான் மிகவும் மதிக்கிற, அதே சமயம் மிகவும் சந்தேகப்படுகிற இரண்டு: பித்தளைக்கு ஈயம் பூசுவது, ஈயச் சொம்பு ரசம்.

பித்தளையிலும் செம்பிலும் புளி பட்டால் களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். அதைத் தடுக்க உள்பக்கம் வெள்ளீயம் பூசுவார்கள். தெருவில் துருத்தி வைத்து வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணலும் புளியும் போட்டுத் தேய்த்த குண்டானைக் கரி நெருப்பில் சூடேற்றி, பூசுகிறவர் உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. ஈயக்குச்சியால் ஒரு கோடு, உடனே பஞ்சுத் துணியால் சுற்றி ஒரு தேய்ப்பு, மஞ்சள் பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். இரண்டு நிமிடத்து வேலை, இருபது வருடத்துக் கைப்பழக்கம். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவரிடம் நம் வீடுகள் பாத்திரத்தைப் போட்டபோது, பூசுகிறவருக்கும் பிழைப்புப் போயிற்று.

ஈயச் சொம்பும் வெள்ளீயத்தில் செய்ய வேண்டியதே. அதன் உருகுநிலை 232 டிகிரி, அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஒழுகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை நூறைத் தாண்டாது, நிற்கும். நுரை கூடியதும் இறக்கி, சாப்பிட்டு முடித்ததும் மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளீயமும் புளியில் ராத்திரி முழுக்க ஊறினால் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் கடையில் ஈயம் என்று சொன்னால் வெள்ளீயமா, காரீயம் கலந்ததா? காரீயம் நன்றாகக் கனக்கும், காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கறுப்பாகக் கோடு விழும். சுத்த வெள்ளீயக் குச்சியைக் காதருகே வளைத்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். கலப்படம் கொஞ்சமாக இருந்தால் இந்த வீட்டுச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது. நகைக்கடையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கிற எக்ஸ்-ரே கருவியும், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்கிற வகையைச் சேர்ந்ததுதான். அப்படிச் சோதித்த சீட்டைக் காட்டுகிறவரிடம் மட்டும் சொம்பு வாங்குங்கள். பாட்டி காலத்துச் சொம்பானாலும் சோதிக்காமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம். பூச வருகிறவரிடம், 'ஐயா, எந்த ஈயம் போடுறீங்க?' என்று கேளுங்கள், குச்சியை வாங்கிப் பாருங்கள். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பெரிய குண்டானுக்கு நூறு ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.