பழைய சொகுசு ஜீப் வாங்குமுன்



தானமாகக் கிடைத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. பணங் கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பார்க்காதவனையோ உலகம் அறிவாளி என்று போற்றுவதில்லை. இன்று நான் பேசப் புகுந்தது மாட்டைப் பற்றியன்று. காட்டிலும் மேட்டிலும் ஓடவல்லனவாயும், உள்ளே இருப்போருக்கு மாளிகைச் சுகத்தைத் தருவனவாயும் உள்ள பெரிய ஜீப் வண்டிகளைப் பற்றியே பேசப்போகிறேன். அவற்றுள்ளும், பல ஆண்டுகள் ஓடிய பின்னர் விற்பனைக்கு வருவனவற்றை வாங்குமுன் எவற்றைச் சோதித்தல் வேண்டும் என்பதே பொருள்.

1948 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லாண்ட் றோவர், வயல் வேலைக்கென்று பிறந்த முரட்டு வண்டி. அதே நிறுவனத்தார் 1970 இல் றேஞ்ச் றோவரை வெளியிட்டனர். சுருள் விற்களும், மூன்றரை லீற்றர் எஞ்சினும், நான்கு சில்லுகளையும் எப்பொழுதும் இயக்கும் அமைப்பும் அதற்கு உண்டு. ஆயினும் அந்த முதல் வண்டிகளின் உட்புறம் சேறு படிந்தால் நீரூற்றிக் கழுவத்தக்க எளிமை உடையதாகவே இருந்தது. தோல் ஆசனங்களும், 1992 இல் வந்த காற்றுப்பைத் தாங்கிகளும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பின்னர் வந்து சேர்ந்தவை. சுகங்கள் பெருகப் பெருக, பழுதடையக்கூடிய உறுப்புக்களும் பெருகின.

இங்கேதான் வாங்குவோர் பலர் ஏமாறுகின்றனர். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குகின்றது. அதன் உதிரிப்பாகங்களின் விலையோ அவ்வாறு இறங்குவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய றேஞ்ச் றோவரைப் புதியதன் விலையிலும் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதற்குத் தேவைப்படும் பாகம் விலையுயர்ந்த வண்டியின் பாகமாகவே வரும். ஆனையை வாங்குவது எளிது, தீனி போடுவதே அரிது என்று முன்னோர் சொன்னது இதற்கு முற்றும் பொருந்தும். முதல் உரிமையாளர் செய்யாது விட்ட திருத்தங்களுக்கு அடுத்தவரே பணங் கட்டுகிறார்.

ஆகையால் வண்டியைப் பார்க்கச் செல்லும்பொழுது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். தொடக்கி விட்டதும் வெளிவரும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வருமாயின் எண்ணெய் எரிகின்றது என்பது பொருள். வெண்புகை நீராவியாய் நீங்கிவிடாமல், எஞ்சின் சூடான பின்னும் நின்று வருமாயின் குளிராக்கும் நீர் எஞ்சினுட் புகுவதாகச் சந்தேகிக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலேடு போன்ற வெண்பசை படிந்திருப்பினும் அதே ஐயம் எழும்; எனினும் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரத்தினாலும் இது நேரலாம். எனவே நீரின் அளவையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பாய்ந்து உடலைச் சுட்டுவிடும்.

அடுத்து, வண்டியின் திருத்த வரலாற்றைக் கேளுங்கள். 2004 இல் அறிமுகமான மூன்றாவது டிஸ்கவரியின் 2.7 லீற்றர் டீசல் எஞ்சினைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். அதில் வால்வுகளை இயக்குவது ஒரு பட்டி. குறித்த காலத்தில் அதை மாற்றாது விட்டு, அது அறுமாயின் எஞ்சினே நாசமாகும். இந்த எஞ்சின்களிற் சிலவற்றில் கிராங்க் தண்டு முறிந்ததும் உண்டு. பட்டி மாற்றப்பட்டது என்று வாயாற் சொன்னாற் போதாது. தேதியும் ஓடிய தூரமும் எழுதிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் இல்லையாயின், பட்டி மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையிற் கழித்துப் பேசுதல் வேண்டும்.

காற்றுப்பைத் தாங்கிகளைச் சோதிப்பதற்குப் பொறுமை வேண்டும். மட்டமான தரையில் வண்டியை இரவு முழுதும் நிறுத்தி வைத்து, காலையில் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் அமர்ந்திருந்தால் அங்கே காற்றுக் கசிகின்றது என்று கொள்ளலாம். கசிவு சிறிதாயினும், அதை ஈடுசெய்ய ஓயாது உழைக்கும் காற்றழுத்தி விரைவில் தேய்ந்து போகும். பின்னர் வண்டியை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கவேண்டும். உயர்த்தப்பட்ட வண்டியின் கீழே ஒருபொழுதும் புகவேண்டாம். உறுதியான தாங்குகால் இல்லையாயின் அது திடீரென அமரக்கூடும்.

நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டிக்கு நான்கு ரயர்களும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. அளவிலோ தேய்விலோ பெரிதும் வேறுபட்டால், சில்லுகள் வெவ்வேறு வேகத்திற் சுழன்று, விசையைப் பங்கிடும் பெட்டியை வருத்தும். தாழ்ந்த கியர் வரிசை உள்ள வண்டியாயின், மணலோ புல்லோ உள்ள இடத்தில் அதனை இட்டுப் பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தாது விட்டதனால் இறுகிப்போன பொறிமுறைகளும் உண்டு. அதன்பின் குளிரூட்டியை இயக்கியவாறே மேடான பாதையில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். வெப்பமானி ஏறுகின்றதா, பிறேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கின்றதா என்று கவனியுங்கள். கைப்பிறேக்கையும் மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள்.

மின்சாரப் பகுதியே இவ்வண்டிகளின் நரம்பு மண்டலம். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவேண்டிய விளக்கு எரியவில்லையாயின், அதை யாரோ மறைத்திருக்கலாம். கணினியை இணைத்துப் பிழைக் குறிப்புக்களை வாசிக்கும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிழைகள் சற்றுமுன் அழிக்கப்பட்டனவா என்பதையும் அவர் அறிந்து சொல்வார். கம்பளத்தைத் தூக்கி ஈரம் உளதா என்று பார்த்தலும் அவசியம். கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, மின்னணுப் பெட்டிகளைக் கெடுத்துவிடும்.

நம் நாட்டில் இன்னும் ஒரு காரணத்தால் அவதானம் வேண்டும். 2020 மார்ச்சு மாதந் தொட்டு 2025 ஆரம்பம் வரை தனியார் வாகன இறக்குமதி பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. புதியன வாராமையால் பழையன கைமாறிக்கொண்டே இருந்தன. பல கை மாறிய வண்டியின் வரலாறு பாதியிலேயே அறுந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. 2016 மே மாதத்துக் களனி கங்கை வெள்ளத்தை நினைவிற் கொள்ளுங்கள். ஆசனப் பட்டியை முழுதும் இழுத்துப் பாருங்கள். அதன் உட்புறத்திற் சேற்றுக் கறை இருப்பின் அவ்வண்டி நீரில் நின்றிருக்கலாம். கடற்கரையோரம் நின்ற வண்டியாயின், அடித்தளத்தின் துருவை மெக்கானிக் ஒருவர் தட்டிப் பார்த்தல் நன்று.

ஈற்றிலே பத்திரங்கள். சட்டத்திற் பொறித்த இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் பெயரிலேயே வண்டி பதிவாகியுள்ளதா, நிதிக் கம்பனியின் உரிமை இன்னும் நீக்கப்படாது இருக்கின்றதா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிசெய்யுங்கள். பெயர் எழுதாது கையொப்பமிட்ட மாற்றுப் படிவத்தை நம்பிப் பணங் கொடுத்தல் ஆகாது.

சேமித்த பணத்திலோ, கடல் கடந்து உழைக்கும் மகன் அனுப்பிய பணத்திலோ வாங்கப்படும் வண்டி, அடுத்த மாதமே திருத்தகத்தில் நின்றால் குடும்பம் தாங்காது. எனவே கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதல் ஆண்டுத் திருத்தத்துக்கென்று ஒரு பகுதியைத் தனியே வைத்துக்கொண்டு மிச்சத்துக்கு எது கிடைக்குமோ அதை நாடுங்கள். நீங்கள் அழைத்து வந்த மெக்கானிக்கைப் பார்க்க விடாதவரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. வாங்காமல் திரும்பி வருவதும் ஒரு நல்ல முடிவே.