மறைந்திருக்கும் ஒழுங்கு



செராஸில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. ஆயினும் பால்மரம் வெட்டியவர்களுக்கு நிரை மறக்காது. ஓரிடத்தில் நின்று பார்த்தால் தோட்டம் வெறுங்காடாகத் தெரியும். இரண்டடி நகர்ந்தால் மரங்கள் நேர்நேராக அணிவகுக்கும். ஒழுங்கு முன்பும் இருந்தது. நாம் பார்த்த திசைதான் வேறு.

படிகங்களும் அப்படித்தான். உப்பும் கற்கண்டும் படிகங்களே. அவற்றுள் அணுக்கள் நிரை பிடித்து நிற்கின்றன. அணுவிலுள்ள எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். அது அணுக்கருவைச் சூழ்ந்து இயங்கவும் செய்கிறது. யுரேனியம் போன்ற கனமான அணுக்களில் இந்தக் காந்தத் தன்மையும் இயக்கமும் இறுகப் பிணைந்திருக்கும்.

யுரேனியம், ருதீனியம், சிலிக்கான் மூன்றும் சேர்ந்த ஒரு படிகத்தில் 1985-ஆம் ஆண்டு ஒரு விந்தை வெளிப்பட்டது. பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 255 பாகைக் குளிரில், அது வெப்பத்தை ஏற்கும் அளவு திடீரென மாறிற்று. எலெக்ட்ரான்கள் ஏதோ ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. என்ன ஒழுங்கு என்பதோ வழக்கமான சோதனைகளில் அகப்படவில்லை. 'மறைந்த ஒழுங்கு' என்றே பெயரிட்டார்கள்.

இதைத் தேட உதவிய முறைக்கு ஒரு முன்னோடி நம்மவர். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமனோடு சேர்ந்து 1928-இல் இராமன் விளைவைக் கண்டவர். பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்ததைக் கேளுங்கள். மெல்லிய இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்தினார். படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி காந்தத்திற்கு இணங்குவதில்லை. ஆகவே அது திரும்ப முயலும். அந்த முறுக்கை அளந்தே, அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னார்!

2011-இல் ஜப்பானின் கியோத்தோ ஆய்வாளர்கள் அந்த யுரேனியப் படிகத்தின் முறுக்கை அளந்தார்கள். இழைக்குப் பதில் மிக நுண்ணிய தகடு. சதுரம்போல் நாற்புறமும் ஒத்திருக்க வேண்டிய படிகம், அந்தக் குளிரில் திசைக்குத் திசை வேறுபட்டதாக அறிவித்தார்கள். வேறு ஆய்வாளர்கள் இதை ஐயுற்றனர். விவாதம் இன்னும் தீரவில்லை.

பெற்றோர்களே, என் வகுப்பில் ஒரு பையன். எழுத்தில் பின்தங்கியவன், மந்தம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் சைக்கிள் டைனமோவைப் பிரித்துக் கொண்டுவந்து, "சார், இந்தக் காந்தம் ஒரு பக்கம் இழுக்குது, மறுபக்கம் தள்ளுதே, ஏன்?" என்றான். அன்று வெட்கினேன். நான்தான் இரண்டடி நகரவில்லை.

உங்கள் பிள்ளையின் 'ஏன்' என்ற கேள்வியை அடக்காதீர்கள்.