இரும்புக்கு அடங்காத இரத்த சோகை



இரத்த சோகை என்றவுடன் இரும்புச் சத்துக் குறைவே நம் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அது சரியே. ஆயினும், இரும்பை எவ்வளவு அளித்தாலும் தீராத சோகையும் உண்டு. அதன் மருந்தைத் தேடிய பெரும் ஆய்வொன்று நம் நாட்டிலேயே நடைபெற்றது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற மகளிர் பலர் கடும் சோகைக்கு ஆளாகியிருந்தனர். காய்கறியும் பழமும் அருகிய அவர்களது உணவின்மீது அவரது ஐயம் விழுந்தது. மார்மைட் எனும் மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைக் குணப்படுத்தியதை 1931-இல் அவர் வெளியிட்டார். அச்சாற்றில் செயற்பட்ட பொருளே, 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி-12-உம் தேவை. இவை குறைந்தால் அணுக்கள் உரிய காலத்தில் பிரியமாட்டா. உருவம் பெருத்து, எண்ணிக்கை குறையும். இரும்புக் குறைவிலோ அணுக்கள் சிறுத்து வெளிறும்.

கீரையிலும் பருப்பிலும் ஃபோலிக் சத்து உண்டு. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அதில் பெரும்பகுதி வீணாகும். உடலின் சேமிப்பும் சில மாதங்களுக்கே போதும்; கருவுற்ற காலத்தில் தேவையோ மிகும். பி-12-இன் கதை வேறு. தாவர உணவில் அது இயல்பாக இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலேயே உண்டு. ஆகவே பால் வாங்க வசதியற்றவரையும், வசதியிருந்தும் விலக்குபவரையும் இக்குறை பற்றுகிறது. உண்டாலும் இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதமின்றி அது உடலில் சேராது. முதியோரிடமும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரிடமும் இக்குறை காணப்படுவதுண்டு.

இங்கே ஓர் அபாயம் இருக்கிறது. பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்புகளின் சிதைவோ தொடரும். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியன அதன் அறிகுறிகள்.

சோகைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. சோகையற்ற இந்தியா இயக்கம் 2018-இல் வந்தது. எனினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கருவுற்ற மகளிருள் 100-க்கு 52 பேர் சோகையுடனிருந்தனர். நாம் வழங்கும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி-12 இல்லை. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் ஒரு பெண் தேறாவிடில், "நீ விழுங்கியிருக்கமாட்டாய்" என்று கடிந்துகொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவள் என்ன உண்கிறாள், கால் மரக்கிறதா என்று கேட்டு, இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்புங்கள்.